டபுள் பாஸ் வாசித்துப் பிழைக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: மகளுக்கு 16 வயது, ஏழு வருஷமாகக் கர்நாடக வயலின், மும்பை செம்பூரில் வீடு. போன மாதம் நரிமன் பாயின்ட்டில் ஒரு சிம்பொனி கச்சேரி பார்த்துவிட்டு வந்தவள், வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, “எனக்கு அந்தப் பெரிய வாத்தியம்தான் வேண்டும்” என்கிறாள். டபுள் பாஸைச் சொல்கிறாள், வயலின் மாதிரியே வில்லால் வாசிப்பது, ஆனால் ஆள் உயரம். உயரமோ ஐந்தடி ஒரு அங்குலம். இதை வைத்துப் பிழைக்க முடியுமா, காலம் கடந்துவிடவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டியவள், பின்னால் போய் நிற்கிறேன் என்கிறாளே.” உங்கள் மனதைக் குடைவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. பணத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அந்த வரியைத் தொடாமல் போக மாட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. மாட்டுங்காவில் வளர்ந்தவன். எனக்கும் வீட்டில் முதலில் போட்டது கர்நாடக வயலின் பாடம்தான். 17 வயதில் பாந்த்ராவில் ஒரு கோவாக்கார மாஸ்டரிடம் டபுள் பாஸைத் தொட்டேன். அதிலிருந்து 34 வருஷம் ஓடிவிட்டது. சினிமா ரெக்கார்டிங், தேவாலயக் கச்சேரி, ஓட்டல் ஜாஸ், ஆர்கெஸ்ட்ராக்களில் எக்ஸ்ட்ரா, இப்போது பெரும்பாலும் பாடம் சொல்லிக் கொடுப்பது. எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் நிரந்தர நாற்காலி எனக்குக் கிடைத்ததில்லை. அதனால் மாதச் சம்பள ஆர்கெஸ்ட்ரா வாழ்க்கை பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது. மற்றது பட்டது.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இதை உறுதியாகச் சொல்வேன். வயலினில் 16 வயதில் ஆரம்பித்து ஆர்கெஸ்ட்ராவுக்குப் போவது ஏறக்குறைய நடக்காத காரியம். பாஸில் அது சாதாரணம். வாத்தியம் ஆள் உயரம் என்பதால் கொஞ்சம் வளர்ந்த பிறகே பலர் அதன் பக்கம் வருகிறார்கள். இன்னொன்று, பாஸுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இடம் காலியாக இருந்ததால் வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய பாஸ் வித்வான் ஜொவான்னி பொத்தெசீனி, மிலான் இசைப்பள்ளியில் சேரப் போனபோது உதவித்தொகையோடு மிச்சமிருந்தது பசூன் என்ற ஊது வாத்தியமும் டபுள் பாஸும்தான். சில வாரங்களில் பாஸைத் தயார் செய்துகொண்டு உள்ளே நுழைந்துவிட்டார். 1871ல் கெய்ரோவில் வெர்டியின் ‘ஐடா’ ஓபரா முதன்முதலில் மேடையேறியபோது அதை நடத்தியவர் அவர்தான். பின்னாளில் பாஸ்டன் சிம்பொனியை 25 வருஷம் நடத்திய செர்கேய் கூசெவிட்ஸ்கியும் பாஸுக்கு உதவித்தொகை கிடைத்ததால் 14 வயதில் பாஸ் எடுத்தவர். இவ்வளவு தூரம் எதற்கு? நம் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு 1954ல் வியன்னா போனபோது 18 வயது. ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டிங், அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற பாடம், கூடவே படித்த வாத்தியம் டபுள் பாஸ். அப்பா மெஹ்லி மேத்தா 1935லேயே பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய வயலின்காரர், பையன் பாஸுக்குப் போனான். உங்கள் வீட்டில் நடப்பது புதிதல்ல.

உயரமும் அப்படித்தான். அட்லாண்டா சிம்பொனியில் ஜேன் லிட்டில் என்று ஒரு அம்மா வாசித்தார். 1945ல் 16 வயதில் சேர்ந்தவர், 2016 மே மாதம் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து காலமானார். வயது 87. 71 வருஷம் ஒரே ஆர்கெஸ்ட்ரா. அவர் உயரம் ஐந்தடிக்கும் ஒரு அங்குலம் குறைவு. பெரியவர்கள் வாசிக்கிற சாதாரண பாஸுக்கே ‘முக்கால் சைஸ்’ என்றுதான் பெயர். முழு சைஸை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். அடியில் தரையில் ஊன்றுகிற முள்ளை ஏற்றி இறக்கலாம், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கலாம். உயரத்தைவிட, தோளும் முதுகும் எப்படி நிற்கின்றன என்பதுதான் முக்கியம். பலத்தைக் காட்டி அழுத்துகிறவர்கள் பத்து வருஷத்தில் பிசியோதெரபிக்குப் போகிறார்கள். கையின் எடையைக் கம்பியில் தொங்கவிடக் கற்றவர்கள் 70 வயதிலும் வாசிக்கிறார்கள்.

அவள் வயலினில் கற்றதில் எது கைகொடுக்கும், எது குறுக்கே நிற்கும்? கர்நாடக வயலினை ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். பாஸில் ஒவ்வொரு கம்பியும் அதற்குக் கீழ்க் கம்பியின் மத்யமம்: ஈ, ஏ, டி, ஜி. காரணம் கையின் அளவுதான். வயலினில் கையை நகர்த்தாமல் நான்கு விரலால் ச-விலிருந்து ம வரை பிடித்துவிடலாம். பாஸில் கழுத்தின் மேல் முனையில் அதே கை ச-விலிருந்து ரி வரைதான் எட்டும், அதாவது சதுஸ்ருதி ரிஷபம் வரை. அதற்கும் முதல் விரல், நடு விரல், சுண்டு விரல் என்று மூன்றுதான். மோதிர விரல் தனியாக வேலை செய்யாது, சுண்டு விரலுக்குத் துணையாகக் கூடவே விழும். வியன்னாவில் சொல்லிக் கொடுத்த ஃபிரான்ஸ் சிமாண்டல் எழுதிய பாடப் புத்தகம் இந்த விரல் வழியைத்தான் சொல்கிறது, இன்றும் உலகம் முழுக்க அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆக, நாலு சுரம் வாசிக்கவே கை நகர வேண்டும். இங்கேதான் உங்கள் மகளுக்கு லாபம். ஒரே கம்பியில் மேலும் கீழும் விரலை ஓட்டிப் பழகிய கை பயணத்துக்கு அஞ்சாது. மேற்கத்திய வயலின் பிள்ளைகள் பாஸுக்கு வந்தால் முதலில் அதற்குத்தான் மிரள்கிறார்கள். நஷ்டமும் அதே இடத்தில்தான். நகர்கிற சத்தம் கேட்கக் கூடாது. அவளுடைய கை தானாகவே சுரத்தைக் கமகத்தோடு தொடும். எனக்கு அது போக இரண்டு வருஷம் ஆனது. என் மாஸ்டர் சொல்வார், “நீ ஏன் ஒவ்வொரு நோட்டுக்கும் மாடிப்படி ஏறிப் போகிறாய், லிஃப்டில் போ.”

அப்புறம், பாஸ் உடனே பேசாது. தடித்த கம்பி, வில் தொட்ட பிறகு அதிர்ந்து சத்தமாக வெளிவரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கடைசிக் கம்பியின் சத்தம் வினாடிக்கு 41 அதிர்வுதான். மற்றவர்களோடு சேர்ந்து விழ வேண்டுமென்றால் ஒரு மயிரிழை முன்னாலேயே தொடங்க வேண்டும். சீக்கிரம் வாசிப்பது வேறு, சீக்கிரம் தொடங்குவது வேறு. இதைப் புத்தகத்தில் எழுதிக் காட்ட முடியாது, பக்கத்தில் ஒருவர் நின்று வாசித்தால்தான் உடம்புக்குள் போகும். இதோடு அவள் மேற்கத்திய நொட்டேஷன் படிக்கக் கற்க வேண்டும். எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது பாஸின் வழக்கம், அதற்கும் கண் பழக வேண்டும். இதெல்லாம் ஒரு வருஷ வேலை.

சரி, அந்த “பின்னால் நிற்பது”. வீட்டில் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். மகளை வயலினில் ச-வையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்துப் பிடித்து நீளமாக இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீபோர்டில், கீழே மந்திர ஸ்தாயியில் ச-வை அழுத்துங்கள். விடிகாலை மாதிரி இருக்கும். இப்போது அவள் எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் மட்டும் ச-வை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கிற சதுஸ்ருதி தைவதத்துக்கு வாருங்கள். அவள் வாசிப்பது அதே இரண்டு சுரம்தான், ஆனால் சட்டென்று சாயங்காலம் ஆகிவிடும். மேலே இருப்பவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பதற்கு அர்த்தம் கொடுப்பது கீழே இருக்கிற அந்த ஒரு சுரம். நம் ஊரில் ‘ஒத்து ஊதுவது’ என்றால் ஏளனம். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிப்பவர் சுருதியைக் காப்பவர். பாஸ் வாசிப்பவர் அதற்கு மேல் ஒரு படி போய், சுருதி இருக்கிற தரையையே நகர்த்துகிறவர். இளையராஜா பாட்டுகளில் பாஸ் கிடார் எங்கே போகிறது என்று கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உங்கள் மகள் அந்தக் கச்சேரியில் வயலின்களைப் பார்க்காமல் வலதுகைப் பக்கக் கோடியைப் பார்த்திருக்கிறாள் என்றால், அவள் காது ஏற்கனவே கீழே போய்விட்டது.

இனி பிழைப்பு. ஒரு காலத்தில் பம்பாய் சினிமா ரெக்கார்டிங்கே பாஸ்காரர்களுக்குச் சோறு போட்டது. கோவாவிலிருந்து வந்தவர்கள் நொட்டேஷன் படிக்கத் தெரிந்ததால் ஸ்டூடியோக்களில் நிறைந்திருந்தார்கள், அந்தோனி கொன்சால்வெஸ் மாதிரியான வயலின்காரர்கள், பாட்டை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுகிற செபாஸ்டியன் டிசூசா மாதிரியான அரேஞ்சர்கள். நான் உள்ளே வந்தபோது அந்த வாசல் சாத்திக்கொண்டிருந்தது. கீபோர்டு வந்து தந்தி வாத்தியக் கூட்டத்தை விழுங்கியது, அதில் முதலில் போனது பாஸ்தான். இன்று மும்பையில் ஒரு பாஸ்காரரின் மாதம் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி: ஒரு சர்வதேசப் பள்ளியில் வாரம் இரண்டு நாள், வீட்டில் நாலைந்து மாணவர்கள் (அதில் மூவர் பாஸ் கிடார்), ஒரு கல்யாண ஓட்டலில் ஜாஸ், டிசம்பரில் மூச்சுவிட நேரமில்லாமல் கிறிஸ்துமஸ் கச்சேரிகள், ஜூன் ஜூலையில் ஈ ஓட்டுவது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்புகள் நடத்துகிற கிரேடு தேர்வுகள் டபுள் பாஸுக்கும் உண்டு. எட்டு கிரேடும் முடித்தால் பள்ளி வேலை கிடைப்பது சுலபமாகும். முழுநேர ஆர்கெஸ்ட்ரா என்றால் நாட்டிலேயே நரிமன் பாயின்ட்டில் இருக்கிற என்சிபிஏ கலை மையத்தில் 2006ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒன்றுதான். இசை இயக்குநர் கஜகஸ்தானைச் சேர்ந்த மராத் பிசெங்காலியேவ். பெரிய கச்சேரிகளுக்கு வாசிப்பவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பெரிய சிம்பொனி ஒன்றுக்கு முதல் வயலினே பதினாறு பேர் இருக்கலாம், பாஸ் எட்டுதான். சின்ன படைப்புகளுக்கு இரண்டு போதும். அதனால் “ஒரு நாற்காலி காலியாகும், அதில் போய் உட்கார்வாள்” என்று கணக்குப் போடாதீர்கள்.

ஆனால் பாஸ்காரருக்கு ஒரு வசதி உண்டு, அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆள் குறைவு. வயலினுக்கு வரிசையில் நிற்பார்கள், பாஸுக்குத் தேடி வருவார்கள். நான் வாசிக்க ஆரம்பித்த மூன்றாம் வருஷமே போன் வந்துகொண்டிருந்தது. 24 வயதில் நகரத்தில் நடந்த பாதிக் கச்சேரிகளில் நான் இருந்தேன். நன்றாக வாசித்தேனா? இருந்தேன், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் இன்னொரு பாஸ் நின்றிருந்தால் என் குறை எனக்கே கேட்டிருக்கும். பெரும்பாலும் நான் ஒருவன்தான். கேட்பவர்களுக்குக் கீழே ஏதோ உறுமினால் போதுமாக இருந்தது. 26 வயதில் காசு சேர்த்து ஐரோப்பாவில் ஒரு ஆர்கெஸ்ட்ராத் தேர்வுக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் நடுவர்கள், இந்தப் பக்கம் நான். பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், நடுவில் பாஸும் செல்லோவும் மட்டும் தனியாக ஓடித் தொடங்குகிற இடம். நூறு தடவை மேடையில் வாசித்தது. பதினைந்து வினாடி ஆகியிருக்கும், திரைக்குப் பின்னாலிருந்து “நன்றி” என்று குரல் வந்தது. சுருதி விலகவில்லை, எனக்குத் தெரியும். வேகமான சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும் என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வில்லைப் பெட்டியில் வைக்கும்போது கை நடுங்கியது நினைவிருக்கிறது. அது அவர்கள் தப்பு அல்ல. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் பாத்திரம் கழுவிக்கொண்டு ஒரு வாத்தியாரிடம் முதலிலிருந்து படித்தேன். அதற்குப் பிறகுதான் நான் பாஸ்காரன்.

அதனால் என் யோசனை, யோசனைதான், விதி அல்ல: மகளுக்கு முதல் நான்கு வருஷம் மேடை வாய்ப்பு வருவதைப் பார்த்து மயங்காதீர்கள். நன்றாக வாசிக்கிறாள் என்பதால் கூப்பிடுகிறார்களா, வேறு ஆள் இல்லாததால் கூப்பிடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே போய்ப் படிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தயாரிப்பு வேறு. ஜெர்மனியில் அரசு இசைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, வேறு மாநிலங்களிலும் சில பள்ளிகள் வாங்குகின்றன. தங்குவதும் சாப்பிடுவதும் உங்கள் செலவு, ஜெர்மன் மொழியும் வேண்டும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் பள்ளி 1928லிருந்து யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் அங்கே நுழைவது குதிரைக் கொம்பு. தேர்வுகளில் டிட்டர்ஸ்டார்ஃப் அல்லது வான்ஹால் பாஸுக்கு எழுதிய கன்செர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனி வாத்தியமாக வாசிக்கிற படைப்பு, கேட்பது வழக்கம். மாலரின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதி ஒற்றை பாஸில் தொடங்கும். அந்தச் சில வரிகளுக்காக மாதக்கணக்கில் உட்கார்வார்கள். போன தலைமுறைக்கு இல்லாத ஒரு வசதி, ஆன்லைனில் நல்ல வாத்தியாரிடம் பாடம் கேட்கலாம். சுருதியைத் திருத்த அது போதும். வில்லின் எடையைத் திருத்த போதாது என்பது என் அனுபவம், இதில் என்னோடு சண்டை போடுகிற சக வாத்தியார்களும் இருக்கிறார்கள்.

வில்லிலும் இரண்டு வகை. பிரெஞ்சு வில்லை மேலிருந்து பிடிப்பது, ஜெர்மன் வில்லைக் கீழிருந்து, கிட்டத்தட்ட ரம்பம் பிடிக்கிற மாதிரி. எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் போகாதீர்கள், வாத்தியார் பிடிப்பதைப் பிடிக்கட்டும்.

வாத்தியம் வாங்குவதுதான் மும்பையில் பெரிய பாடு. நல்ல கம்பி ஒரு செட்டே 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். முதல் பாஸ் பிளைவுட்டாக இருக்கட்டும். செதுக்கிய மரத்தில் செய்தது சத்தம் அழகுதான், ஆனால் நம் ஜூலை மாதத்து ஈரத்தில் ஊறி, கச்சேரி ஹால் ஏசியில் காய்ந்து, மறுபடி ஈரத்தில் ஊறி மூட்டு விட்டுவிடும். விட வேண்டும் என்றுதான் அதை வஜ்ஜிரத்தில், அதாவது தோலிலிருந்து காய்ச்சிய பசையில், ஒட்டியிருக்கிறார்கள். மரம் பிளப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுத்துவிடும், திரும்ப ஒட்டலாம். இது தெரியாமல் நான் ஒரு தப்பு செய்தேன். மூட்டு விட்டிருந்த சமயம் வீட்டு வேலைக்கு வந்திருந்த ஆசாரி, நல்ல மனதோடு, வெள்ளைப் பசை போட்டு இறுக்கிக் கொடுத்தார். அடுத்த மழைக்கு மூட்டு விடவில்லை. பலகை பிளந்தது. தேவாலயத்தில், ஒரு மெதுவான பகுதியின் நடுவில், தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். பாதிரியார் என்னைத்தான் பார்த்தார். அதேபோல, வில்லில் தேய்க்கிற பிசினான ராசினில், வயலினுக்கு உள்ளது பாஸுக்கு ஆகாது. பாஸ் ராசின் மென்மையாக, ஒட்டுகிற பதத்தில் இருக்கும், மே மாதம் பையில் வைத்தால் வெல்லப்பாகாக வழிந்துவிடும். ராசின் டப்பியை நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

போக்குவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய பத்மினி டாக்சிகளின் தலையில் கேரியர் இருந்தது, பாஸைப் படுக்கப் போட்டுக் கட்டிக்கொண்டு போவோம். 2023ல் அவையும் போய்விட்டன. லோக்கல் ரயிலில் லக்கேஜ் பெட்டி, நெரிசல் நேரம் தவிர்த்து. மீன் கூடைகளுக்கும் டப்பாவாலாக்களுக்கும் நடுவில் நான் முப்பது வருஷம் நின்றிருக்கிறேன், யாரும் ஒரு தடவைகூட இடம் தராமல் இருந்ததில்லை, “அதுக்குள்ள யார் இருக்காங்க” என்று கேட்காமல் இருந்ததும் இல்லை.

இப்போதே எதையும் வாங்க வேண்டாம். மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் வாத்தியார் வீட்டு வாத்தியத்திலேயே வாரம் மூன்று நாள் போய் வாசிக்கட்டும். சுண்டு விரலில் காய்ப்பு விழுந்த பிறகும், மழையில் நனைந்துகொண்டு போக வேண்டிய நாளிலும் அவள் கிளம்புகிறாளா என்று பாருங்கள். கிளம்பினால், வாங்குவதற்கு முன்னால் உங்கள் கட்டடத்து லிஃப்டை அளந்துகொள்ளுங்கள், மூலைக்கு மூலை. என் கட்டடத்தில் பாஸ் மட்டும்தான் லிஃப்டில் போகும். பட்டனை அழுத்திவிட்டு, நான் படியேறி நாலாம் மாடியில் போய் அதை வரவேற்பேன்.